முன்வரிசை இருமல்

ஜூன் 4

அன்புள்ள டக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே நீ எப்படி இருக்கிறாய்?

உன் பணி ஓய்வு விழாவுக்கு வந்துவிட்டுத் திரும்பியதிலிருந்து உன் குரலை நான் கேட்கவில்லை. உன் அண்ணன் போன் போட்டால் எடுக்கிறாய். "இந்தா, அண்ணி பேசணுமாம்" என்று அவர் சொன்னதுமே உன் வாசலில் யாரோ வந்து நின்றுவிடுகிறார்கள். தினம் இத்தனை பேர் வருகிற வாசலில் நீ ஒரு கடை போட்டிருக்கலாம்.

நீ எடுத்தாலும் என்னால் பேச முடியாது என்பது வேறு சங்கதி. அதனால்தான் கடிதம். இந்த இருமல் என்னை விடுவதாக இல்லை. சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டைக்குழியில் ஒரு இறகு போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரே அரிப்பு. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விடாது. "வீடு இவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்ல" என்று உன் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இஞ்சிச் சாறு, தேன், மிளகு எல்லாம் ஆயிற்று. கடையில் வாங்கிய சிரப், பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த சிரப் இரண்டும் ஆயிற்று. உன் அண்ணனுடைய பழைய சிரப் ஒன்று அலமாரியில் இருந்தது. தேதி தாண்டியிருந்ததால் அதை மட்டும் கொட்டிவிட்டேன். அந்த அளவுக்கு எனக்கு இன்னும் புத்தி இருக்கிறது.

பிரார்த்தனைக் கூடத்தில் ஆண்டு விழா வருகிறது. முதல் பாட்டு என்னுடையது. இந்த வீட்டுக்கு நான் வாழ வந்த வருடத்திலிருந்து ஒரு தடவையும் விட்டதில்லை. நீ கல்யாணமாகிப் போகும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டுவாய். இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, நான் முழிக்கிறதைப் பார்த்துக் குனிந்து சிரிப்பாயே, அது நினைவிருக்கிறதா? இப்போது நான் வாயைத் திறந்தால் பாட்டுக்கு முன்னால் இருமல் வந்து நிற்கிறது.

அந்தப் பழைய அடுப்படியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். காய் நறுக்குகிற பலகையைத் திருப்பிப் போட்டு, கரித்துண்டால் கட்டம் கட்டமாக எழுத்துகளை வரைந்து, நீ அதில் டைப் பழகுவாய். டக், டக், டக். நான் பக்கத்தில் காய் நறுக்கப் பலகை இல்லாமல் கையில் வைத்தே நறுக்குவேன். அந்தச் சத்தத்தில்தானே உனக்கு டக்கு என்று பெயர் வைத்தேன்.

நான் என்ன தப்புச் செய்தேன் என்று சொல்லிவிட்டுச் சண்டை போடு. சொல்லாமல் சண்டை போட்டால் நான் எந்தப் பக்கமாக நின்று பதில் சொல்வது?

உன் அண்ணி


ஜூன் 11

அண்ணி அவர்களுக்கு,

பொருள்: இருமல்.
பார்வை: தங்கள் ஜூன் 4 தேதியிட்ட கடிதம்.

ஆயுசில் பாதியை அலுவலகக் கடிதம் எழுதியே கழித்த கை. கோபம் வந்தால் அதற்கு இப்படித்தான் எழுத வருகிறது.

ஒன்றும் தெரியாதது போலக் கேட்டிருக்கிறீர்கள். அதிலும் கடிதம் முழுக்க இருமலைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குப் புரிகிறதா?

பலகை நினைவிருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பலகைக்குக் காவல் எது என்பதும் நினைவிருக்க வேண்டுமே. அம்மா அடுப்படிப் பக்கம் வந்தால் நீங்கள் ஒரு தரம் இருமுவீர்கள். நான் பலகையைத் திருப்பிவிடுவேன். நான் அம்மாவிடம் புளுகும்போது அளவு மீறினால் இரண்டு தரம் இருமுவீர்கள். "போதும், நிறுத்து, மாட்டிக்கப் போறே" என்று அதற்கு அர்த்தம். டைப் கிளாசுக்குப் போய்விட்டு வந்து, "தையல் கிளாஸ்ல டீச்சர் என்னைத்தான் எல்லாருக்கும் முன்னாடி பாராட்டினாங்கம்மா" என்று நான் அளந்துவிட்டுக்கொண்டிருப்பேன். அடுப்படியிலிருந்து சத்தம் வரும். கொஹ், கொஹ். நான் அதோடு வாயை மூடிக்கொள்வேன்.

விழா மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "என்னை வேலைக்குப் போ என்று வாழ்த்தி அனுப்பியவர் என் அம்மா" என்று சொன்னேன். முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே நீங்கள். கொஹ், கொஹ்.

என் வாய் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கையில் தாள் இருக்கிறது, எழுத்து தெரிகிறது, குரல் வரவில்லை. மேலதிகாரி தண்ணீர் நீட்டினார். "பாவம், அம்மாவை நினைச்சு உடைஞ்சிட்டாங்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் கைதட்டினார்கள். நன்றி என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தால் நான் சொன்னது பொய்தான். அம்மா என்னை எப்படி வாழ்த்தினார் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் பிள்ளைகளும் மருமகனும், என் கீழே வேலை பார்த்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்த ஒருத்தரைப் பற்றி நல்லதாக ஒரு வரி சொன்னேன். அதற்கு அடுத்த வரி வரை பொறுக்க உங்களால் முடியவில்லையே, அண்ணி.

தங்கள் தகவலுக்காக இதை அனுப்புகிறேன். பதில் தேவையில்லை.

(டக்கு என்று இனி யாரும் என்னைக் கூப்பிட வேண்டாம்.)


ஜூன் 17

அடியே டக்கு,

கூப்பிடுவேன், என்ன செய்வாய்?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு அழுதேன். இரண்டுக்கும் நடுவில் இருமினேன். உன் அண்ணன் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "எதுக்கு இப்போ மூணும் ஒண்ணா?" என்றார்.

நான் ஒன்றும் சொல்வதற்காக இருமவில்லையடி. கடவுள் சத்தியம். அன்றைக்கு மண்டபத்துக்குள் நுழையும்போதே எனக்குத் தொண்டை அரிக்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் உட்காரலாம் என்றேன். "தங்கச்சி விழாவுல அண்ணன் பின்னாடி உட்காரணுமா?" என்று உன் அண்ணன் என்னை முன்வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். வாயில் மிட்டாயை அடக்கி, கைக்குட்டையைச் சுருட்டி, நீ மேடை ஏறியதிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ என்ன பேசினாய் என்றே என் காதில் விழவில்லை. அத்தையைப் பற்றிச் சொன்னாய் என்பதை உன் கடிதத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

நீ அப்படிச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு எழுந்துபோய், துணியை மடித்து வைத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் உறுத்துகிறது. உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அந்த டைப் கிளாசுக்காக நான் அத்தையிடம் வாங்கின பேச்சு எனக்குத்தான் தெரியும். போகட்டும். அதற்காகச் சபையில் உன்னைத் தலைகுனிய வைக்கிறவளா நான்?

நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். கேள்.

போன வாரம் இன்னொரு சிரப் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். மற்றவர்கள் மாதிரி உடனே பாட்டிலை எடுத்து நீட்டவில்லை. "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டாள்.

"பிரஷருக்கு ஒண்ணு."

"இருமல் முதல்ல வந்துதா, மாத்திரை முதல்ல வந்துதா?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. குளிர்காலத்தில் மாத்திரையை ஆரம்பித்தேன். இருமல் அதற்குப் பிறகுதான் வந்தது.

"இந்த வகைப் பிரஷர் மாத்திரை சில பேருக்கு இப்படி வறட்டு இருமலைக் கொண்டுவரும். சிரப் குடிச்சா நிக்காது. டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற வகை மாத்தித் தருவார். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றாள்.

நான் நிறுத்திவிட்டேன். நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்? இருமல் போய்விட்டால் நான் உனக்குப் போன் போட்டு, ஒரு இருமல் இல்லாமல், நீ போதும் போதும் என்கிற வரைக்கும் பேசுவேன். அப்போது நம்புவாய் அல்லவா? முதல் பாட்டும் என் கையை விட்டுப் போகாது. உன் அண்ணனுக்குச் சொல்லவில்லை. கணக்கு இடிக்கக் கூடாதே என்று தினமும் அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து ஒரு பழைய டப்பாவில் போட்டுவைக்கிறேன். இத்தனை வருடம் வீட்டுக் கணக்கு எழுதுகிறவளுக்குக் கள்ளக் கணக்கு எழுதவா தெரியாது?

பின்மண்டைதான் கொஞ்சம் கனக்கிறது. அதற்கு உன் அண்ணனுடைய மூட்டுவலி மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். கேட்கிறது.

இருமல் குறைகிற மாதிரி இருக்கிறது. போனை எடு.

உன் அண்ணி


ஜூன் 20

அண்ணி,

பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. மாத்திரையை நீங்கள் நிறுத்திய விஷயத்தை அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். காட்டிக்கொடுத்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் அவர் உங்களை டாக்டரிடம் அழைத்துப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் இதைப் படித்து முடித்ததும் செருப்பைப் போடுங்கள்.

நான் நம்புகிறேன். நீங்கள் என் முகத்துக்கு நேரே நின்று இருமினாலும் நம்புகிறேன். எனக்கு நிரூபிப்பதற்காக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் உங்களிடம்கூட நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. அவருக்கும் பிரஷருக்குத்தான் மாத்திரை கொடுத்தார்கள். அது நீரைப் பிரிக்கிற மாத்திரை. காலையில் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒதுங்க வேண்டும். அவரோ பஸ் கண்டக்டர். பையையும் டிக்கெட்டையும் வைத்துக்கொண்டு, நிறைய ஜனத்தோடு ஓடுகிற பஸ்ஸை எங்கே நிறுத்துவார்? டியூட்டி நாளில் மாத்திரையை விட்டுவிடுவார். லீவு நாளில் மட்டும் போடுவார். இது எனக்கே தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டு ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் பஸ்ஸுக்குள்ளேயே வலது கை தொங்கிப் போயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போடற நேரத்தை மாத்தியிருப்பேனே, இல்லேன்னா மாத்திரையவே மாத்தியிருப்பேனே" என்று டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குப் பேச்சில் மிஞ்சியது ஒரே வார்த்தை. நீங்கள் வந்து பார்த்தபோது கேட்டிருப்பீர்கள். சாப்பிடறீங்களா? ரைட். வலிக்குதா? ரைட். நான் யாரு தெரியுதா? ரைட். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். நான் சிரித்துக்கொண்டே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். கடைசி வரை அந்த ஒரு வார்த்தையோடுதான் நாங்கள் குடும்பம் நடத்தினோம்.

பலகையில் டைப் பழகிய அந்தப் பெண்ணைப் பார்த்தவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? அண்ணனுக்கு அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது என்றே மறந்திருக்கும். நீங்கள் ஒருவர்தான் பாக்கி. அதையாவது யோசியுங்கள்.

டக்கு


ஜூலை 2

அன்புள்ள டக்கு,

உன் போன் வந்த அன்று உன் அண்ணன் பண்ணிய அமர்க்களத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. டாக்டர் வீட்டு வாசலில்தான் இரண்டு பேரும் கவனித்தோம்.

டாக்டர் ஒரு கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். மறு கையிலும் கட்டிப் பார்த்தார். மறுபடியும் முதல் கைக்கே வந்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. "சாப்பிடற மருந்து எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னேனே, எங்க?" என்றார். உன் அண்ணன் பையைக் கவிழ்த்தார். பழைய டப்பாவும் அதோடு வந்து விழுந்து, நான் சேர்த்து வைத்த மாத்திரை எல்லாம் மேசை மேல் உருண்டது. உன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

"தலைவலிக்கு இவரோட மூட்டுவலி மாத்திரையா? அது பிரஷரை ஏத்திவிடும்மா. நீங்க குடிச்ச இந்தச் சிரப்லயும் மூக்கடைப்பு மருந்து கலந்திருக்கு, அதுவும் ஏத்தும். நீங்க இறக்கற மாத்திரையை நிறுத்திட்டு, ஏத்தறதையா பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கீங்க."

"இருமல் தாங்கலை டாக்டர்."

"இருமல் வந்தா எங்கிட்ட வந்து இருமுங்க. கடையில போய் இருமாதீங்க."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் இருமல் வந்தது. "இதைத்தான் சொல்றேன்" என்று எழுதிக்கொண்டார். மாத்திரையை வேறு வகைக்கு மாற்றியிருக்கிறார். பழைய இருமல் அடங்கச் சில வாரம் ஆகலாமாம், அவசரப்படக் கூடாதாம். புதியது ஆரம்பத்தில் எழுந்திருக்கும்போது தலை சுற்றவைக்கலாமாம். "சுத்தினா நிறுத்திடாதீங்க, வந்து சொல்லுங்க. எதுவானாலும் சொல்லிட்டுச் செய்யுங்க" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நம்பிக்கை இல்லாமல் உன் அண்ணனைப் பார்த்தும் ஒரு தடவை சொன்னார். மருந்துக் கடைப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்னேன்ல?" என்று அவள் கேட்கவில்லை. எந்த மாத்திரையை இனி போடக் கூடாது என்று பெரிதாக எழுதி மாத்திரை அட்டையிலேயே ஒட்டிக் கொடுத்தாள்.

ஆண்டு விழா நேற்று முடிந்தது. முதல் பாட்டை வாத்தியாரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் குரலைப் பற்றி நாம் இரண்டு பேரும் அந்தக் காலத்தில் என்னவெல்லாம் பேசியிருக்கிறோம்! நடுங்கிக்கொண்டேதான் பாடினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டினேன். புரட்டுகிறவள் இடத்திலிருந்து பாட்டு எப்படிக் கேட்கும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. நன்றாகத்தான் கேட்கிறது. குரலைக் கொடுத்த இறைவனுக்கு அதைக் கொஞ்ச நாள் வாங்கி வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரரை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை நாளும் இதை மனசுக்குள்ளேயே வைத்திருந்தாயா?

உன் அண்ணி


ஜூலை 9

அண்ணி,

தலை சுற்றுகிறதா? நிறுத்தவில்லையே? முதலில் அதற்குப் பதில் எழுதுங்கள்.

உறுத்துகிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தையே நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். விழாத் தாள் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அம்மாவைப் பற்றிய வரிக்கு அடுத்த வரியை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"அந்த அம்மா வாழ்த்தி அனுப்பும் அளவுக்கு மனம் மாற ஏழு வருடம் ஆயிற்று, அந்த ஏழு வருடமும் அடுப்படியில் எனக்காகக் காவல் நின்றவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், என் அண்ணி, தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்."

மைக் முன்னால் நின்றுகொண்டு அதைத்தான் படிக்கப் போனேன். அதற்குள் இருமல். இந்த வரிக்குப் பொறுக்காமல் இருமிவிட்டீர்களே என்றுதான் எனக்கு அவ்வளவு கோபம். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது. உங்களுக்கு இருமலைக் கொண்டுவந்த அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த கையையும் சேர்த்து.

மாதக் கடைசியில் வரலாமா என்று பார்க்கிறேன்.

டக்கு


ஜூலை 16

அன்புள்ள டக்கு,

நிறுத்தவில்லை. இன்று காலையும் போட்டாயிற்று. தலை கொஞ்சம் சுற்றுகிறது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அளந்து பார்த்துவிட்டு, இது சரியான பாதைதான் என்றார். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்துவிடாமல், காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் எழச் சொல்லியிருக்கிறார்.

உன் வரியைப் படித்தேன். நல்ல வேளை, நீ மேடையில் அதைப் படிக்கவில்லை. எழுந்து நில் என்று நீ சொல்லி நான் எழுந்திருந்தால் வாயிலிருந்த மிட்டாய்தான் முதலில் வெளியே வந்திருக்கும். தாளைப் பத்திரமாக வைத்திரு. வரும்போது கொண்டுவா. ஒரு தடவை உன் குரலில் கேட்க வேண்டும்.

இந்த உட்கார்ந்து எழுகிற வைத்தியம் எனக்குப் புதுசாக இருக்கிறது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கூப்பிட்ட குரலுக்குத் துள்ளி எழுந்தே பழகினவள். அத்தை கூப்பிட்டால் எழு, பால் பொங்கினால் எழு, பிள்ளை அழுதால் எழு. விழித்த பிறகு சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. இப்போது தினமும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சன்னல் வெளுப்பதைப் பார்க்கிறேன். கடவுளை வேண்டிக்கொள்கிறேன். அது முடிந்த பிறகும் நேரம் இருக்கிறது. அப்போது அந்த அடுப்படி வந்துவிடுகிறது. அடுப்புச் சூட்டில் உன் நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டிருக்கும். நீ எழுத்துகளை முணுமுணுத்துக்கொண்டே பலகையைத் தட்டுவாய். நாம் அன்றைக்கு எவ்வளவு பயந்தோம்! அந்தப் பயம்கூட இப்போது இனிக்கிறது.

இன்று காலை உன் அண்ணன் கூடத்திலிருந்து கூப்பிட்டார். "வரேன், உட்கார்ந்திருக்கேன்" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை. பிறகு அவரே மெதுவாக உள்ளே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் பக்கத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் உட்காரணும்?" என்று கேட்டார். "எழுந்தா தலை சுத்தாதுங்கற வரைக்கும்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்னொரு பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. வா.

உன் அண்ணி